புதுப்பிப்பு: ஸ்கிராட்ச் பூனை இப்போது நடுவிலிருந்தே கிளம்புகிறது

ஸ்கிராட்ச் (பிளாக் எனும் கட்டளைத் துண்டுகளைக் கோத்துச் சிறுவர்கள் நிரல் எழுதும் மென்பொருள்) கற்கத் தொடங்கியிருக்கும் என் மகளின் விளையாட்டில், நிரலைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்தினால் பூனை கடைசியாக நின்ற இடத்திலிருந்தே கிளம்புகிறது என்று கேட்டிருந்தேன். தீர்ந்துவிட்டது.

ஸ்கிராட்ச் பூனையைத் தானாகத் தொடக்க நிலைக்குத் திருப்புவதில்லை. இடம், திசை, அளவு எல்லாம் விட்டது விட்டபடியே இருக்கும். ஆகவே கொடி பிளாக்கின் நேர் கீழே, எக்ஸ் 0, ஒய் 0 என்ற இடத்துக்குப் போகச் சொல்லும் பிளாக்கைக் கோத்தோம். மேடை 480 அகலம், 360 உயரம்; அதன் நடுப்புள்ளிதான் அது. எக்ஸில் -200 கொடுத்ததும் பூனை இடது ஓரத்துக்குத் தாவியது. "கழித்தல் குறி போட்டால் இந்தப் பக்கமா?" என்றாள். எதிர்மறை எண் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது; எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி!

இணையமின்றி இயங்கும் பதிப்பைச் சொன்னவர்களுக்கு நன்றி. அடுத்து மதிப்பெண்ணுக்கு ஒரு மாறி (மாறும் எண்ணை நினைவில் வைக்கும் பெட்டி போன்றது) வைக்கப் போகிறோம். அதையும் கொடியை அழுத்தியவுடன் 0 ஆக்க வேண்டும்.