கடல்குதிரை ஆசையும் எங்கள் வீட்டுக் கோமாளி மீன்களும்

கடல்குதிரை ஜோடி வாங்கலாமா, குஞ்சு எடுக்க முடியுமா என்று அடிக்கடி கேள்வி வருகிறது. என் அனுபவத்தையும் எழுதிவிடுகிறேன். நான் சேலம் அம்மாபேட்டை. பல வருடம் நன்னீர் மீன் வளர்த்துவிட்டு உப்புத் தொட்டிக்கு வந்தவன். வந்ததற்குக் காரணமே கடல்குதிரைதான்.

முதலில் சட்டம். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசில்லை. 2001-ல் நம் நாட்டின் எல்லாக் கடல்குதிரைகளையும் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி, யானைக்குத் தரும் அதே அட்டவணை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். 2004-லிருந்து சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தமும் உலக அளவில் இவற்றின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. ஆனாலும் ரகசியமாகக் கேட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கே போன் வந்தது. "அண்ணே, கடல்குதிரை ஜோடியா இருக்கு, நைட் பஸ்ல ஏத்தி விட்டுர்றேன்" என்றார் ஒருவர். எங்கே பிடித்தது என்று கேட்டேன். "அதெல்லாம் பண்ணையில பொறந்ததுண்ணே." சரி, அதற்கான காகிதத்தை அனுப்புங்கள் என்றேன். அத்தோடு பேச்சு நின்றது. உங்களுக்கும் யாராவது இப்படிச் சொன்னால் காகிதம் கேளுங்கள்.

உயிருள்ள கடல்குதிரையை நான் பார்த்தது தொண்டியில். தங்கையை அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறோம். காலையில் கரையில் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். நைலான் நூலை வாலால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு விரல் நீளத்துக்கு ஒன்று. பெரியவர் ஒருவர் பொறுமையாக வாலைப் பிரித்து எடுத்தார். என் கையில் ஒரு நொடி வைத்தார், உடனே சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. இரண்டு கண்களும் தனித்தனியாகத் திரும்பின. "போதும் தம்பி, குடுங்க. இது மாட்டுனா உடனே தண்ணியில விட்ருவோம்" என்று வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு, கடற்புல் அதிகம். நீந்தத் திறமில்லாத இந்த மீன் புல்லைப் பிடித்துக்கொண்டே வாழ்கிறது. இழுவலை அந்தப் புல்லோடு சேர்த்து வாரிக்கொண்டு வரும்போது இதுவும் வந்துவிடுகிறது. காயவைத்து, சீனப் பாரம்பரிய மருந்துக்காகக் கடத்துவது தனிக் கொடுமை. அந்தப் பெரியவர் மாதிரி ஆட்கள் இருக்கும்வரை கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

பண்ணையில் பிறந்த கடல்குதிரையைச் சட்டப்படி வளர்க்க முடிகிற நாடுகளில் இருப்பவர்கள் எழுதுவதை நிறையப் படித்தேன். புதிதாக ஆரம்பிப்பவருக்கு அவர்கள் சொல்வது இதுதான்: ஒரு ஜோடிக்குக் குறைந்தது 110 லிட்டர் தண்ணீர், அகலத்தைவிட உயரம் முக்கியம். வேகமான நீரோட்டம் கூடாது, வாலால் பிடித்துக்கொள்ளக் கொம்புகள் வேண்டும், கொட்டுகிற கடல் உயிரான அனிமோன் கிட்டவே வரக்கூடாது. அதற்கு இரைப்பையே கிடையாது. தின்றது சீக்கிரம் வெளியே போய்விடுவதால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை மைசிஸ் என்ற குட்டி இறால் போட வேண்டும். வேகமாகத் தின்னும் மீனைக் கூட விட்டால் இது பட்டினிதான். வெப்பமண்டல வகைகளுக்கே தண்ணீர் 22 முதல் 24 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்கிறார்கள். அதற்கு மேல் சூடு ஏறினால் விப்ரியோ பாக்டீரியா பெருகித் தோலும் வாலும் அழுகிவிடுமாம். நம் ஊரில் ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் கருவி இல்லாமல் அந்தக் குளிருக்கு வழியே இல்லை. மதியம் கரண்ட் போனால் அதுவும் போச்சு.

இனப்பெருக்கம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. பெண் முட்டையை ஆணின் வயிற்றுப் பைக்குள் வைத்துவிடும். ஆண் இரண்டிலிருந்து நான்கு வாரம் சுமந்து, ஒரே பிரசவத்தில் நூற்றுக்கணக்கில் குஞ்சு தள்ளும். தள்ளியதோடு சரி, பார்த்துக்கொள்வதில்லை. சில நாளிலேயே மறுபடியும் பை நிறைந்துவிடும். ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் குஞ்சு எடுக்கலாமா வேண்டாமா என்று நாம் உட்கார்ந்து முடிவு செய்ய நேரமே இல்லை. அதனால்தான் அந்த நாடுகளில் சிலர் ஆரம்பத்திலேயே ஆண் மட்டும் அல்லது பெண் மட்டும் என்று ஒரே பாலினமாக வாங்குகிறார்கள். பல வகைகளின் குஞ்சுகள் முதல் சில வாரம் மேல்மட்டத்தில் மிதக்கும். காற்றை விழுங்கிவிட்டு கீழே இறங்க முடியாமல் செத்துப்போகும். பகல் முழுக்கக் கண்ணெதிரே உயிர் இரை நீந்திக்கொண்டே இருக்க வேண்டும். கடலிலேயே ஆயிரத்துக்கு ஒரு சில குஞ்சுகள்தான் பிழைக்கும் என்கிறார்கள்.

ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், "எங்க ஊர்ல சில்லரே வேணாமேங்க, குதிரைக்குன்னே செஞ்ச குளிரு" என்றார். கோடைக்கு அது உண்மை. ஆனால் மார்கழி ராத்திரியில் ஹீட்டர் வேண்டும், மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போகும், உப்புக்கும் இரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். சட்டமும் மலைக்கு ஒன்று, சேலத்துக்கு ஒன்று என்று இல்லை.

அதனால் கோமாளி மீனுக்கு வந்தேன். பிள்ளைகள் நிமோ என்பார்களே, அதுதான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீனைப் பொரிப்பகத்திலேயே வளர்த்துக் காட்டியிருக்கின்றன. என் ஜோடியும் பொரிப்பகத்தில் பிறந்ததுதான், கடலிலிருந்து பிடித்ததில்லை. 26 முதல் 28 டிகிரி போதும் என்பதால் பெரும்பாலான நாள் ஃபேன் வைத்தே சமாளிக்கிறேன். ஃபேன் ஓடினால் தண்ணீர் வற்றும், உப்பு ஏறும். தினமும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றி, உப்புத் தண்ணீரின் ஒப்படர்த்தியை 1.025-ல் நிறுத்துவேன். எங்கள் போர் தண்ணீர் கடினம், குழாயில் வரும் மேட்டூர் தண்ணீரில் குளோரின். இரண்டையும் நேராக ஊற்றுவதில்லை. புதுத் தொட்டித் தண்ணீரில் சேரும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வரும்வரை மீன் விடாமல் காத்திருங்கள். இந்த இடத்தில்தான் பலருக்கும் பொறுமை போய்விடுகிறது.

பெரியது பெண், சின்னது ஆண். பெண் இறந்தால் ஆணே பெண்ணாக மாறிவிடும். ஒருநாள் தொட்டிக்குள் இருந்த ஓட்டின்மேல் ஆரஞ்சு நிறத்தில் முட்டை. ஆண் பக்கத்தை விட்டு நகரவில்லை, துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. நாள் ஆக ஆக முட்டைக்குள் வெள்ளிக் கண்கள் தெரிந்தன. ஒரு வாரம் போல ஆனதும் விளக்கணைத்த பிறகு பொரிந்தது. அந்த முதல் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்தேன். பொரிந்த குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணிய உயிர் இரை வேண்டும், ரோட்டிஃபருக்குப் பச்சைப் பாசித் தண்ணீர் வேண்டும். அதனால் முட்டை தெரிந்த அன்று ஓடாமல், அதற்கு முன்பே பாசியையும் ரோட்டிஃபரையும் வளர்த்து வைத்திருந்தேன். அப்புறம் அதைவிடக் கொஞ்சம் பெரிய உயிர் இரையான ஆர்ட்டீமியா. இரண்டு வாரத்துக்குள் உடம்பில் வெள்ளைப் பட்டை விழத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்றோம். என் மனைவி எண்ணிப் பார்த்துவிட்டு, "இத்தனையையும் யாருங்க வளர்ப்பாங்க?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. சேலத்துக் கடைகளில் நன்னீர் மீன்தான் ஓடுகிறது. உப்புத் தொட்டி இருப்பவர்களே குறைவு. இந்த ஜோடியோ மாதம் இருமுறைகூட முட்டை வைக்கும். எனவே எனக்கு நானே போட்டுக்கொண்ட ஏற்பாடு: வாங்கிக்கொள்ள வீடு உறுதியானால் மட்டும் அந்த ஈட்டைத் தனியே எடுப்பேன். இல்லையென்றால் தொட்டியிலேயே விட்டுவிடுவேன், மற்ற மீன்களுக்கு இரையாகும். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. வளர்த்துவிட்டு, நான்கு லிட்டர் பாட்டிலில் வைத்திருப்பவரிடம் கொடுப்பதைவிட இது பரவாயில்லை என்பது என் கருத்து. கடல்குதிரை கேட்டு எழுதியவர்களும் இந்த மீனிலேயே ரோட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் வளர்த்துப் பழகலாம். கடல்குதிரைக் குஞ்சைக் காப்பாற்ற அதைவிடக் கடினமான வேலை செய்ய வேண்டியிருக்கும் என்பது கையில் செய்து பார்த்தால்தான் தெரியும்.

சேலம், ஆத்தூர், ஓமலூர் பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் உப்புத் தொட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்த ஈட்டை எடுக்கிறேன். காசு வேண்டாம். தொட்டியின் அளவு, உப்பு அளவு, மதிய வெப்பநிலை மூன்றையும் கேட்பேன், தப்பாக நினைக்காதீர்கள்.