அம்மாவின் குரல் பதிந்த கேசட்டை மீட்க வழி தேவை
பாளையங்கோட்டையில் இருபது ஆண்டுகள் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவியாக இருந்து, 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் முகாமில் மாதக்கணக்கில் சமைத்துப் பரிமாறிய எங்கள் அம்மா, சென்ற ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அவர்களுடைய குரலாக எங்களிடம் எஞ்சியிருப்பது, 1996இல் ஆலயத்தில் சாட்சி சொன்னபோது பதிவான 60 நிமிட கேசட் ஒன்றுதான். அதன் அட்டையில் ‘அழிக்கக் கூடாது’ என்று நீலப் பேனாவால் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சை படர்ந்திருப்பதால், நான்கு நிமிடம் ஓடியதும் கிறீச்சிட்டு நின்றுவிடுகிறது. டேப்ரிக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தும், நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றியும் பயனில்லை. உள்ளூர் ஸ்டூடியோ ஒன்று பத்து நாள் வைத்திருந்து, ஓரிடத்தில் கசக்கித் திருப்பித் தந்தது. முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு ஐந்து வாரங்களே உள்ளன. திருநெல்வேலி அல்லது மதுரை வட்டாரத்தில், பூஞ்சை பிடித்த கேசட்டைச் சுத்தம் செய்து டிஜிட்டலாக மாற்றித் தரும் ஒருவரை உங்களில் யாருக்காவது தெரியுமா?