ஜான் மியூர் தடம்: கரடி டப்பாவுக்குள் அடங்கும் சைவச் சாப்பாடு, யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் நானும் தம்பியும் கலிபோர்னியாவில் ஜான் மியூர் தடத்தை நடக்கப் போகிறோம். யோசெமிட்டியிலிருந்து விட்னி மலை வரை சுமார் 340 கி.மீ. பெர்மிட் கிடைத்துவிட்டது. கூடாரம், காலணி எல்லாம் தயார். இடிப்பது சாப்பாடுதான்.

வழியின் பெரும்பகுதியில் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டி டப்பாவில்தான் வைக்க வேண்டும். பற்பசை, சன்ஸ்கிரீன்கூட அதற்குள்தான்; வாசனை வரும் எதையும் கூடாரத்துக்குள் விடக் கூடாது. ஆளுக்கு 11.5 லிட்டர் டப்பா ஒன்று. பாதி வழியில் மியூர் டிரெயில் ராஞ்ச் என்ற விடுதிக்கு முன்கூட்டியே வாளியில் சாமான் அனுப்பிவிடுவோம். அப்புறம் ஒரு வாரத்துக்கு மேல் கடையே கிடையாது. கியர்சார்ஜ் கணவாய் ஏறி ஊருக்கு இறங்கலாம்தான், ஆனால் நடை ரொம்ப இழுக்கும்.

தம்பி சோறு இல்லாமல் இருக்க மாட்டான். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகுமுன் கேஸ் தீர்ந்துவிடும் என்றால் கேட்டால்தானே! அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி என்று யோசித்திருக்கிறேன். வீட்டில் செய்து பார்த்ததில் மெல்லிய அவல் வெந்நீரில் கூழாகிவிட்டது. கெட்டி அவல் பரவாயில்லை.

சாம்பார் சாதத்தைச் சமைத்து டீஹைட்ரேட்டரில் உலர்த்தியவர்கள் இருக்கிறீர்களா? பருப்பு மறுபடி மெத்தென்று ஆகிறதா? மதிய இடிமழைக்கு முன் கணவாயைத் தாண்டியாக வேண்டுமே, காலையில் அடுப்பே பற்றவைக்காமல் என்ன சாப்பிட்டுக் கிளம்பினீர்கள்? நெய் விட்ட சத்துமாவு உருண்டை வெயிலில் தாங்குமா? தயவுசெய்து எனர்ஜி பார் மட்டும் சொல்லாதீர்கள்.