டிவி சொன்னதும் டிராக்கில் நடந்ததும்: எஃப்1 கார் பந்தய ரசிகர்களின் அனுபவங்கள்

பின்வரிசை ரசிகன்:

ரேஸ் பார்க்கும்போது வர்ணனையில் ஒன்று சொல்லி, திரையில் ஒன்று காட்டி, கடைசியில் வேறொன்று நடந்த கதை எல்லாரிடமும் இருக்கும். எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

2022 அக்டோபர், ஜப்பானின் சுசுகா டிராக். நல்ல மழை. இரண்டு லேப், அதாவது டிராக்கை இரண்டு முறை சுற்றியதும், பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி. அப்புறம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குடைகளையும் ரெயின்கோட்களையும்தான் காட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தொடங்கியும் 53 லேப்பில் 28 தான் ஓட முடிந்தது. பாதிக்கு மேல், முக்காலுக்குக் கீழ் என்பதால் ஜெயித்தவருக்கு 25 கிடையாது, 19 புள்ளிதான் என்று வர்ணனையில் கணக்குப் போட்டார்கள். அப்படியென்றால் முதலில் வந்த மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் அன்றைக்கே அந்த வருஷத்தின் சாம்பியன் ஆக வழியே இல்லை. எங்கள் வீட்டில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

விதியில் இருந்தது வேறு. பந்தயம் நிறுத்தப்பட்டு, மறுபடி தொடங்க முடியாமலே போனால்தான் அந்தக் குறைந்த புள்ளிப் பட்டியல் பொருந்தும். இங்கே மறுபடி தொடங்கி, முறையாகக் கொடி காட்டி முடித்துவிட்டார்கள். ஆகவே முழுப் புள்ளி. கடைசி சிகேனை (அடுத்தடுத்த குறுகிய வளைவுகளை) வெட்டிப் போனதற்காக இரண்டாவதாக வந்த லெக்லேருக்கு 5 விநாடி தண்டனை விழுந்து அவர் மூன்றாம் இடத்துக்கு இறங்க, மேக்ஸுக்கு 113 புள்ளி முன்னிலை. மீதிப் பந்தயங்களில் ஒருவர் எடுக்கக்கூடியது அதிகபட்சம் 112. பேட்டி எடுத்துக்கொண்டிருந்த ஜானி ஹெர்பர்ட் சொல்லித்தான் மேக்ஸுக்கே விஷயம் தெரிந்தது. அப்போதும் அவர் முழுசாக நம்பவில்லை.

வர்ணனையாளர்களை மட்டும் திட்ட முடியாது. அணிகளே 19 என்றுதான் நினைத்திருந்தன. ஆனாலும் அவ்வளவு நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவராவது விதிப்புத்தகத்தைப் பிரித்திருக்கலாம்.

மூன்றாம் கியர்:

எனக்கு வர்ணனை மேல் பெரிய கோபம் இல்லை. கோபமெல்லாம் கிராஃபிக்ஸ் மேல்தான்.

லேப் நேரம் என்பது அளந்த எண். காரில் சிக்னல் அனுப்பும் ஒரு சின்னக் கருவி (டிரான்ஸ்பாண்டர்), டிராக்குக்கு அடியில் பதித்த கம்பி. அதைக் கடக்கும் நொடியை ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பிடித்துவிடுவார்கள். அதை நம்பலாம். ஆனால் 2018-ல் அமேசானின் கணினிச் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். கூட்டு வந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் புதுப்புதுப் பெட்டிகள் திரையில் முளைத்தன. இன்னும் எத்தனை லேப்பில் பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரை எட்டுவார், முந்துவது எவ்வளவு கஷ்டம், டயரில் எவ்வளவு மிச்சம் என்று. இதெல்லாம் ஊகம். ஊகிப்பதில் தப்பில்லை. அளந்த எண்ணையும் ஊகித்த எண்ணையும் ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே கம்பீரத்தோடு காட்டுவதுதான் தப்பு.

டயர் பெட்டி நினைவிருக்கிறதா? ஒவ்வொரு டயருக்கும் ஒரு சதவீதம் போடுவார்கள். 20 சதவீதம் என்று காட்டிய டயரில் ஒருவர் வேகமான லேப் போடுவதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தவன் நான். டயர் தயாரிக்கும் பிரெல்லியின் மாரியோ இசோலாவே அந்தப் பெட்டி பார்ப்பவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்று வெளிப்படையாகச் சொன்னார். கடைக்காரரே தராசு சரியில்லை என்று சொன்ன மாதிரி.

2020 ஆகஸ்டில் வந்த பட்டியல் இன்னும் வேடிக்கை. 1983-லிருந்து எடுத்த தகுதிச் சுற்று (பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் சுற்று) தகவல்களைக் கணினிக்குக் கொடுத்து, எல்லாக் காலத்துக்குமான வேகமான ஓட்டுநர் யார் என்று வரிசைப்படுத்தினார்கள். செனா, ஷூமாக்கர், ஹாமில்டன் என்று ஆரம்பம் ஒழுங்காகத்தான் இருந்தது. எட்டாவது இடத்தில் ஹெய்க்கி கோவலாய்னன்! வெட்டல் பத்தாவது. அலென் ப்ரோஸ்ட் முதல் பத்திலேயே இல்லை. ஒரே அணியின் இரண்டு ஓட்டுநர்களை ஒப்பிட்டு, அந்த வித்தியாசங்களைச் சங்கிலியாகக் கோத்துப் போகும் முறை அது. கோவலாய்னன் 2008, 2009-ல் மெக்லாரனில் ஹாமில்டனோடு ஓட்டியவர். அந்த இரண்டு வருஷமும் தகுதிச் சுற்றின் கடைசிப் பகுதியில் பந்தயத்துக்கான பெட்ரோலோடுதான் ஓட்ட வேண்டும். யார் காரில் எத்தனை கிலோ இருந்தது என்பது நேரத்தையே மாற்றிவிடும். இந்த விவரமெல்லாம் தெரிந்தவருக்கு அந்தப் பட்டியல் சுவாரசியமான விளையாட்டு. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அது தீர்ப்பு.

இன்னொன்று, டி.ஆர்.எஸ். முன்னால் போகும் காருக்கு ஒரு விநாடிக்குள் இருந்தால், பட்டனை அழுத்திப் பின்புற இறக்கையைத் திறந்து வேகம் எடுக்கும் வசதி. 2011-லிருந்து 2025 வரை இருந்தது. திரையில் இடைவெளி 0.9 என்று இருக்கும், ஆனால் பின்புற இறக்கை திறக்காது. உடனே பக்கத்தில் இருப்பவர், இவர் ஏன் பட்டனை அழுத்தவில்லை என்று கத்துவார். ஒரு விநாடிக் கணக்கைப் பார்த்தது டிராக்கில் குறிப்பிட்ட கண்டறியும் கோட்டில் மட்டும். அந்தக் கோட்டில் 1.05 இருந்து, அதைத் தாண்டிய பிறகு 0.9 ஆனால் பிரயோஜனமில்லை. அந்தக் கோட்டில் என்ன இருந்தது என்பதைத் திரையில் ஓரமாகக் காட்டியிருந்தால் எத்தனையோ வீடுகளில் சண்டை குறைந்திருக்கும்.

கொடி பிடித்தவன்:

மூன்றாம் கியர் அண்ணா, அளந்த எண்ணை நம்பலாம் என்று சொன்னீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

நான் உள்ளூர்ப் பந்தயங்களில் டிராக் ஓரம் கொடி காட்டும் மார்ஷலாக நின்றிருக்கிறேன். ஒரு தடவை மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்த காரின் டிரான்ஸ்பாண்டர் செத்துப்போனது. திரையில் அந்தக் கார் இல்லை. ஒலிபெருக்கியில் அவர் விலகிவிட்டார் என்றே அறிவித்துவிட்டார்கள். அவரோ என் கண் முன்னால் லேப்புக்கு லேப் போய்க்கொண்டிருந்தார். நல்லவேளை, கோட்டுக்கு மேலே இரண்டு பேர் பென்சிலும் பேப்பருமாக உட்கார்ந்து கார் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாள்தான் அவருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தது.

பெரிய இடத்திலும் இது நடக்கும். 2003 பிரேசில், இன்டர்லாகோஸ். மழையில் வெப்பரும் அலோன்சோவும் மோதிக் கிடக்க, சிவப்புக் கொடி. அந்த மாதிரி நிறுத்தினால், முதலில் இருப்பவர் ஓடிக்கொண்டிருக்கும் லேப்பிலிருந்து இரண்டு லேப் பின்னோக்கிப் போய் முடிவை எடுக்க வேண்டும். 53-வது லேப் என்று எடுத்து ரைக்கோனனை மேடையில் முதலிடத்தில் நிறுத்தினார்கள். ஆனால் நிறுத்தும்போது ஃபிசிகெல்லா 56-வது லேப்பைத் தொடங்கிவிட்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஆக 54-வது லேப்தான் கணக்கு. அதில் முதலில் இருந்தவர் ஃபிசிகெல்லா. சில நாள் கழித்து பாரிஸில் முடிவை மாற்றினார்கள். கோப்பை அடுத்த பந்தயம் நடந்த இத்தாலியின் இமோலாவில் கைமாறியது. ஃபிசிகெல்லா ஓட்டிய ஜோர்டன் அணியின் கடைசி வெற்றி அது, மேடையில் கொண்டாடக்கூட முடியவில்லை. இரண்டு வருஷம் கழித்து நம் நரேன் கார்த்திகேயன் அதே அணிக்கு வந்தார். அந்த 2005 சீசனில் அவர் காரைத் திரையில் பார்த்ததைவிட ஓரத்தில் அவர் பெயரைப் பார்த்ததுதான் அதிகம்!

மழைப்பிரியை:

வர்ணனையாளருக்கும் நாம் பார்க்கும் அதே ஒளிபரப்புதான் பெரும்பாலும் கண். அதனால் இயக்குநர் எந்த கேமராவைப் போடுகிறாரோ அதுதான் உண்மை ஆகிவிடுகிறது. 2008 பிரேசில் அதற்கு உதாரணம். மாஸா ஜெயித்துவிட்டார், சாம்பியன் பட்டமும் அவருக்கே என்று அவருடைய ஃபெராரி அணியின் கராஜில் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். இந்தப் பக்கம் மழையில் உலர் டயரோடு வழுக்கிக்கொண்டிருந்த டிமோ குளோக்கை ஹாமில்டன் கிட்டத்தட்ட கடைசி வளைவில் தாண்டிவிட்டார். அந்த ஒரு இடம் ஏறியதால் ஒரு புள்ளியில் ஹாமில்டன் சாம்பியன். பிரிட்டிஷ் வர்ணனையில் மார்ட்டின் பிரண்டில் அந்த மெதுவான காரைப் பார்த்து, அது குளோக்கா என்று கேட்பதைப் பிற்பாடு கேட்டேன். கிராஃபிக்ஸுக்கு முன்னால் பழைய ஓட்டுநரின் கண் பிடித்துவிட்டது. முன்னாள் எஃப்1 ஓட்டுநரான நம் கருண் சந்தோக் இரண்டு கார்களின் லேப்பைப் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, எங்கே யார் பிரேக்கை விட்டார் என்று காட்டுவதும் எனக்கு அதனால்தான் பிடிக்கும். சதவீதம் எதுவும் வேண்டாம், பார்த்தாலே புரியும்.

மூன்றாம் கியர்:

கொடி பிடித்தவன் தம்பி, சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2003-ல் கடிகாரம் தப்பவில்லை, லேப்பை எண்ணியவர்கள் தப்பினார்கள். 2018 கனடாவில் ஒரு லேப் முன்னாடியே கொடியை ஆட்டியதும் மனிதக் கைதான்.

பின்வரிசை ரசிகன்:

கடிகாரத்துக்கு ஆதரவாக நானும் ஒன்று. 2024 கனடா தகுதிச் சுற்று. ரஸ்ஸல் 1:12.000. சற்று நேரத்தில் மேக்ஸும் 1:12.000. திரை உறைந்துவிட்டது என்று என் மச்சான் ரிமோட்டைத் தட்ட ஆரம்பித்தான். கோளாறே இல்லை, அத்தனையும் நிஜம். 1997 ஹெரேஸில் இதைவிடப் பெரிசு: வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவருக்கும் 1:21.072. இரண்டு இடத்திலும் முதலில் அந்த நேரத்தைப் போட்டவருக்கே போல் (முதலிடத்திலிருந்து கிளம்பும் வாய்ப்பு) கொடுத்தார்கள்.