தற்செயலா, தேவ செயலா? உங்கள் சாட்சியைச் சொல்லுங்கள்

சகோதரி, நாசரேத்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு செக்கப் முடிந்து ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள். காட்பாடியிலிருந்து ராத்திரி ரயில், டிக்கெட்டோ கடைசிவரை வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்டது. அப்பாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. எரிச்சலோடு காந்தி ரோட்டு லாட்ஜுக்கே திரும்பினோம். அங்கே தங்கியவர்களுக்குத் தெரியும், பாதிப் பேர் வங்காளத்திலிருந்து வந்தவர்கள். அறையிலேயே சமைப்பார்கள், வராந்தா முழுக்கக் கடுகெண்ணெய் வாசம். பக்கத்து அறைத் தம்பி மாடிப்படியில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டே இருந்தார். அப்பாதான் போய் என்னவென்று கேட்டார். மனைவிக்கு ஆபரேஷன், பி நெகட்டிவ் ரத்தம் வேண்டுமாம், உறவில் யாருக்கும் சேரவில்லை. எனக்கு பி நெகட்டிவ்! காலையில் போய்க் கொடுத்தேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் ஏதேதோ சொன்னார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிக்கெட் கிடைத்திருந்தால் அந்த ராத்திரி நாங்கள் ரயிலில் தூங்கிக்கொண்டிருப்போம்.

சகோதரர், மார்த்தாண்டம்:

அக்கா, உங்கள் சாட்சிக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. என் தங்கைக்கு ரத்தம் தேவைப்பட்டபோது நாங்களும் விடிய விடிய ஜெபித்தோம். யாரும் வரவில்லை, அவள் போய்விட்டாள். அதுவும் தேவ செயலா?

ஓய்வுபெற்ற ஆசிரியர், ராணிப்பேட்டை:

தம்பி, இது கேட்கத்தான் வேண்டிய கேள்வி. எங்கள் ஊரில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை எல்லாரும் சாட்சியாகச் சொல்கிறோம். தாயாருக்குச் சுகமில்லை என்று திண்டிவனத்துக்கு வந்த இளம்பெண் அவர். இந்தியாவிலேயே தங்கும் எண்ணம் துளியும் இல்லை. ஒரே ராத்திரியில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து என்று மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று அழைத்தார்கள். தனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். அதுதான் இன்றைய சிஎம்சி.

இந்த ஆஸ்பத்திரி வரவேண்டும் என்பதற்காகவே தேவன் அந்த மூன்று பேரையும் சாகவிட்டார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்களும் அவருடைய பிள்ளைகள்தானே? அந்தச் சாவு வீணாகப் போக அவர் விடவில்லை, அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும். வேதாகமத்தில் வரும் யோசேப்பையே பாருங்கள். சொந்தச் சகோதரர்களே விற்றுப்போட, எகிப்தில் சிறைக்குப் போனவன் அவன். சிறையிலிருந்து விடுதலையான ராஜாவின் பானபாத்திரக்காரன் அவனைப் பற்றி ராஜாவிடம் சொல்ல மறந்துபோனதால் இன்னும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான். உடனே விடுதலை கிடைத்திருந்தால், ராஜாவாகிய பார்வோன் கனவு கண்டு அதற்கு அர்த்தம் சொல்ல ஆள் தேடிய நாளில் அவன் எங்கே இருந்திருப்பானோ! ஆனால் சிறைக்குள் கிடந்தபோது அவனுக்கு அது தெரியாது. தன் சகோதரர்கள் செய்தது தீமை இல்லை என்று அவன் பின்னாலும் சொல்லவில்லை. தீமை என்றேதான் சொன்னான்.

உங்கள் தங்கை விஷயத்தில் இன்னும் நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தம்பி. தெரிந்த மாதிரி பேசி உங்களை நோகடிக்க மாட்டேன். அவள் பெயரைத் தனியாக எனக்கு அனுப்புங்கள். எங்கள் சபையின் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் உங்கள் குடும்பத்துக்காக ஜெபிக்கிறோம்.