மார்பக அறுவை சிகிச்சைக்கு முன் வீட்டை ஆயத்தப்படுத்த உங்கள் அனுபவம் தேவை

அனைவருக்கும் வணக்கம். இடது மார்பகத்தில் புற்றுநோய் உறுதியானதால், மார்பகத்தையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் அகற்றும் அறுவை சிகிச்சை அடுத்த மாதம் எனக்கு நடைபெறவிருக்கிறது. மயக்க மருந்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் முன்பே திட உணவை நிறுத்த வேண்டும் என்பது உட்பட அனைத்தையும் மருத்துவர்கள் பொறுமையாக விளக்கிவிட்டார்கள். மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியில் இப்போதே பழகி வருகிறேன்.

நான் தடுமாறுவது அன்றாட வாழ்க்கையில்தான். என் மாமியார் படுக்கையிலிருந்து எழும்போது பற்றிக்கொள்வது என் இடது கையைத்தான்; அந்தக் கையால் சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், அவர் வேறு பிடிமானத்துக்குப் பழக வேண்டும். கட்டிலோரம் கைப்பிடி பொருத்தியவர்கள் இருந்தால், அது முதியவர்களுக்கு உண்மையிலேயே உதவியதா என்று சொல்லுங்கள்.

காயத்தில் சேரும் நீரை வெளியேற்றும் குழாயுடனேயே வீடு திரும்ப நேரலாம். அதன் குடுவையை ஆடைக்குள் எப்படிப் பொருத்திக்கொண்டீர்கள், எந்தப் பக்கம் சாய்ந்து உறங்கினீர்கள்? அலுவலக வேலையை வீட்டிலிருந்தபடி தொடங்கியவர்கள், தட்டச்சு செய்ய எப்போது கை ஒத்துழைத்தது என்பதையும் எழுதுங்கள்.

எல்லாவற்றையும்விட, பள்ளி செல்லும் என் மகளிடம் இதை எந்தச் சொற்களில் சொல்வது? அவளிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை. மாற்று மருத்துவப் பரிந்துரைகளைத் தவிர்த்து, இவற்றைக் கடந்து வந்தவர்களும் உடனிருந்து கவனித்தவர்களும் பதிலளித்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.