புதுப்பிப்பு: ஜீப் 4.0 இன்ஜின், ஸ்பேசருக்குப் பதில் மேனிஃபோல்டு

1991–98 ஜீப் 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு த்ராட்டில் பாடி ஸ்பேசர் (காற்றை அளந்து உள்ளே விடும் த்ராட்டில் பாடிக்கு அடியில் வைக்கும், காற்றைச் சுழற்றிவிடும் என்று சொல்லப்படும் துண்டு) போடலாம் என்று முன்பு எழுதியதைத் திருத்துகிறேன். அந்தக் காசு வீண். இதில் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர், வால்வுக்குப் பக்கத்திலேயே பெட்ரோலைத் தெளிக்கிறது. மேலே காற்றைச் சுழற்றி எதுவும் ஆகப்போவதில்லை.

உண்மையில் பலன் தருவது 1999 முதல் வந்த இன்டேக் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதி. பழைய ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகள் உள்ள பாகம்) அப்படியே உட்காரும். ரிட்டர்ன் லைன் (மிஞ்சிய பெட்ரோலை டாங்குக்குத் திருப்பும் குழாய்) உள்ள வண்டி என்றால் பழைய ஃபியூயல் ரெயிலையே, அதாவது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயையே, வைத்துக்கொள்ளுங்கள். பவர் ஸ்டீயரிங் பம்ப் பிராக்கெட் இடிக்கும், அதையும் மாற்ற வேண்டிவரும்.

சிக்கலே கேஸ்கெட்டில்தான், அதாவது இணைப்பில் கசியாமல் அடைக்கும் தகட்டில். இன்டேக்குக்கும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்டுக்கும் ஒரே கேஸ்கெட், போல்ட்டுகளும் பொது. அதனால் எக்ஸாஸ்ட் பக்கம் சற்றே தூக்கினாலும் இன்டேக் பக்கம் காற்று கசியும். ஹெட்டின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கும் தட்டக்கூடாது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கழற்றிய கையோடு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் வெல்டுகளையும் பாருங்கள். மயிரிழை விரிசலும் ஓரத்தில் கருப்புக் கரியும் இருந்தால், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கேட்கும் ‘டிக் டிக்’ சத்தம் அங்கிருந்துதான்.

கசிவு பார்க்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு இணைப்பின் மேல் தண்ணீர் தெளியுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்) மாறினால் அங்கே கசிவு. எளிதில் தீப்பிடிக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம், நேர் கீழே எக்ஸாஸ்ட் கொதித்துக்கொண்டிருக்கும்.